யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கும் இளையராஜாவின் 'திருவாசகம்'

இந்த வருசம் நான் கூடுதலாகக் கேட்டது, மாணிக்கவாசகரின் திருவாசகப் பாடல்களுக்கு இளையராஜா இசையமைத்து 2005இல் வந்த 'திருவாசகம்' தொகுப்பு. சீடியாக வந்த நாளிலிருந்து என்னோடு இருக்கிற இசை இது. சீடி கீறல் விழுந்து, பிறகு கணினிக்குப் போய், இப்போது போனுக்குள் வந்து நிற்கிறது. இத்தனை காலம் கூடவே வைத்துக் கேட்டவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

மொத்தம் ஆறு பாட்டு. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்திருக்கிறது. 'பொல்லா வினையேன்' மட்டும் இருபது நிமிடத்துக்குக் கிட்ட ஓடும். அதன் அடிகள் திருவாசகத்தின் முதற்பகுதியான சிவபுராணத்திலிருந்து எடுத்தவை. எங்கள் ஊரில் சைவப்பிள்ளையாக வளர்ந்தவர்களுக்குச் சிவபுராணம் மனப்பாடம். 95 அடியையும் கூட்டாக, ஒரே வேகத்தில் சொல்லி முடித்துவிடுவோம். அந்த வேகத்தில் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்ற அடி வாயில் வரும், மனதில் நிற்காது. இளையராஜா அதை ஆறுதலாக, ஒவ்வொரு பிறவிக்கும் இடம் விட்டுப் பாடும்போதுதான் ஒருவன் களைத்துப்போய்ச் சொல்கிற சொல் அது என்பது விளங்குகிறது. நடுவில் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் வரும். கன பேருக்கு அது பிடிப்பதில்லை. எனக்கு அது இடைஞ்சலாக இல்லை. ஆனால் தமிழுக்குத் திரும்பும் இடத்தில் வருகிற நிம்மதிக்காகவே காத்திருப்பேன் என்பதும் உண்மை.

இந்தத் தொகுப்பில் எனக்கு மிகப் பெரியது 'முத்துநல் தாமம்'. திருவாசகத்தில் வரும் திருப்பொற்சுண்ணம் என்ற பகுதியின் முதல் பாட்டு. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் இதைச் செத்தவீட்டில்தான் கேட்டிருப்போம். பிரேதத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தி, கிரியை நடக்கும்போது உரலில் சுண்ணம் இடிப்பார்கள். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று பந்தம் பிடிப்பார்கள். ஒருவர் பதிகத்தை எடுத்துப் பாட, 'பொற்சுண்ணம் இடித்தும் நாமே' என்று ஒவ்வொரு பாட்டும் முடிகிற இடத்தில் உலக்கை விழும், பின்னால் அழுகுரல் எழும்பும். சின்ன வயதில் பந்தம் பிடித்தவர்களுக்கு அந்த எண்ணெய்ப் புகையும் இந்தச் சொற்களும் பிரிக்க முடியாதபடி ஒட்டிப்போயிருக்கும்.

அதே சொற்கள் இந்த இசையில் சந்தோசமாக வருகின்றன. முதலில் கேட்டபோது உடம்பு ஒருமுறை குலுங்கியது. என் அம்மாவோ பாதியில் நிறுத்தச் சொன்னார், வீட்டில் இதைப் போடக்கூடாது என்று. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பாட்டை எடுத்து வாசித்தால், மாணிக்கவாசகர் பாடியது ஒரு கொண்டாட்டத்தை. முத்துமாலை, பூமாலை தூக்குங்கள், முளைக்குடம், தூபம், தீபம் வையுங்கள் என்று தோழிகளைக் கூப்பிட்டு, இறைவன் நீராடுவதற்கு வாசனைப் பொடி இடிக்கிறார்கள். திருவிழாவுக்கு ஆயத்தப்படுத்துகிற பெண்களின் பாட்டு அது. போகிறவரை இறைவனிடம் அலங்கரித்து அனுப்புகிறோம் என்ற எண்ணத்தில்தான் எங்கள் முன்னோர் அதைச் சாவுக்கிரியையில் வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பல வருசம் இந்தப் பாட்டைக் கேட்ட பிறகு, போன கிழமை ஒரு செத்தவீட்டில் சுண்ணப்பாட்டு எடுத்தபோது எனக்கு அழுகையோடு வேறொன்றும் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்லலாம். ஒரு இசைத்தொகுப்பு எனக்குச் செய்த ஆகப் பெரிய உதவி இதுதான்.

'புற்றில்வாள் அரவும் அஞ்சேன்' கடைசிப் பாட்டு. திருவாசகத்தின் அச்சப்பத்து என்ற பகுதியில் வருவது. நல்ல பாட்டு, ஆனால் 'முத்துநல் தாமம்' கேட்ட கையோடு கேட்டால் கொஞ்சம் கனமாகத் தெரியும். இடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு விசயம்: போனின் சின்ன ஸ்பீக்கரில் இதைக் கேட்க வேண்டாம். தந்திக்கருவிகளின் அடிச்சுரம் முழுக்கக் காணாமல் போய்விடும். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில் சாதாரண இயர்போனில்தான் கேட்டேன். அதுவே போதும். சத்தத்தைக் கூட்டி வைக்காதீர்கள், கோரஸ் திடீரென்று எழும்பும் இடங்களில் காது நொந்துவிடும்.

இதோடு சேர்த்து 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பையும் திரும்ப எடுத்தேன். தியாகராஜருக்கும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) காணிக்கையாக்கியது. வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே கேட்கலாம். பாக்கின் வயலின் இசையை இளையராஜா தன் வீட்டு விருந்தாளியாக்கி வைத்துக் கதைக்கிற பாட்டில், யார் எங்கே நிறுத்துகிறார், யார் எங்கே தொடங்குகிறார் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அது பிடித்திருக்கிறது.

அப்புறம், எங்கள் ஊர்ச் சொத்து: தவில் மேதை தட்சிணாமூர்த்தி. 1975இல் காலமாகிவிட்டார். இன்று கையில் கிடைக்கிற பதிவுகள் பெரும்பாலும் பழைய நாடாவிலிருந்து எடுத்தவை, இரைச்சல் உண்டு. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு (விரல் உறை) போட்ட விரல்கள் விழுவது தெளிவாக வரும், இடப்பக்கமான தொப்பியில் தடி விழுவது மங்கிப்போகும். அதனால் இவரைக் கேட்கும்போது மட்டும் நல்ல ஹெட்போன் கட்டாயம். தனி ஆவர்த்தனம் (தவில் மட்டும் தனியே வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் கையால் தாளம் போட்டுப் பாருங்கள். எங்கேயோ உங்களை விட்டுவிட்டுப் போவார், தாளச்சுற்று தொடங்கும் சமத்தில் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். இந்த மாசம் முழுக்க எனக்கு இரவில் இவர்தான்.