தெருவோர மூலிகை: பொடியா, முழுச் சரக்கா, பாக்கெட்டா?

தெருவோரத்தில் அளந்து கொடுக்கும் பொடி, அதே இடத்தில் கிடைக்கும் இடிக்காத வேரும் பட்டையும், சீலிட்ட பாக்கெட் என மூலிகை மூன்று விதமாகக் கிடைக்கிறது. இப்போதெல்லாம் நான் வாங்குவது பெரும்பாலும் இடிக்காத சரக்குதான். விலை, தூசி, ஈ மொய்ப்பது எல்லாம் ஊரறிந்த சங்கதி. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொடியாகிவிட்டால் எதையும் அடையாளம் காண முடியாது என்பதுதான் என்னை முடிவெடுக்க வைத்தது. அதிமதுர வேரை ஒடித்தால் உள்ளே மஞ்சள் நார் தெரியும். நுனியை மென்றால் தித்திக்கும். பூச்சி துளைத்த ஓட்டையும் ஒடித்த இடத்தில் படிந்திருக்கும் பூஞ்சணமும் கண்ணில் படும். இடித்த பிறகு அதெல்லாம் பொடியோடு பொடி. ஈரம் கண்ட சரக்கில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கும் அந்த நஞ்சு, கஷாயம் கொதிக்கும் சூட்டுக்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை.

ஆள்மாறாட்டத்துக்கும் பொடிதான் வசதி. 1990களின் தொடக்கத்தில், பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்குக் கொடுத்த மருந்தில் ஸ்டெஃபானியா என்ற மூலிகையின் வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா என்ற வேறொரு செடியின் வேர் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பாழானது. இத்தனைக்கும் அது தெருவில் வாங்கியது அல்ல, சிகிச்சை மையத்தில் கொடுத்தது.

மூட்டுவலிப் பொடி ஓரிரு வேளையிலேயே 'கேட்கிறது' என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளையும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை மருந்தையும் இப்படிப்பட்ட மருந்துகளில் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டைத் தெரியாமல் பல வாரம் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. முழு வேரில் இந்த வேலையைச் செய்வது அவ்வளவு எளிதல்ல.

பாக்கெட்டில் தொகுதி எண்ணும் முகவரியும் இருப்பதால், கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும். அது சுத்தத்துக்குச் சான்றிதழ் அல்ல. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

உலோகத்தையும் பூச்சிமருந்தையும் கண்டுபிடிக்க என் கண்ணாலும் ஆகாது. அன்னாசிப்பூவையும், அச்சு அசலாக அதைப் போலவே இருந்து வலிப்பை உண்டாக்கும் அதன் ஜப்பானிய உறவையும் பார்வையால் பிரிக்க எனக்குத் தெரியாது. ஆகவே, பழகிய நாலைந்து சரக்குகளை மட்டுமே முழுதாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்கிறேன். மற்றவை தேவைப்பட்டால் தொகுதி எண் உள்ள பாக்கெட். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடாமல் இருப்பதே நல்லது. ஒடித்துப் பார்க்க விடாத கடைக்காரரிடம் நான் வாங்குவதில்லை.