கொலுசுப் பட்டறைக்காரர் மகளின் கதை

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மாடி கஃபேயில் ஞாயிறுதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, சேர்ந்து கதை வளர்க்கிற ஆட்டம் அது. தலைக்கு 300 ரூபாய், டீயும் தட்டுவடை செட்டும் சேர்த்து. நான்கு வாரம் போய்விட்டு எழுதுகிறேன்.

இடம், மேசை, பகடை எல்லாம் அருமை. ஆட்டம் நடத்துகிற தம்பி குரல் மாற்றிப் பேசினால் குகைக்குள்ளேயே நிற்பது போலிருக்கும். ஆனால் மனசு நொந்த ஒன்றைச் சொல்லியே ஆகணும்.

என் பாத்திரம் ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் மகள். செவ்வாய்பேட்டையில் என் அப்பா வெள்ளி பற்றவைப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அவர் விரல் நுனியில் இருக்கும் தீத்தழும்பைக்கூட எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாம் வாரம் ஆட்டம் நடத்துகிற தம்பி, அந்த அப்பா கள்ள வெள்ளி கடத்தியவர் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த ஆட்டத்தின் 2014 விதிநூலில், கதை தொடங்குமுன் பாத்திரம் என்னவாக இருந்தது என்று சொல்லும் 13 பின்னணிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பாத்திரத்தின் பற்று, குறை என ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கவோ எழுதவோ இடம் இருக்கிறது. நடத்துபவர் அதில் கொக்கி மாட்டட்டும். அப்பாவைச் சிறைபிடிக்கட்டும், கடனில் தள்ளட்டும். இனி நடப்பது அவர் கையில். நடந்து முடிந்ததை மாற்றணும்னா முன்கூட்டியே கேட்கணும்.

ஆட்டம் முடிந்ததும் சொன்னேன். "திருப்பம் நல்லா இருக்கும்னு நினைச்சேன் அக்கா, தப்புதான்" என்றார். அடுத்த வாரம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, தொடக்கூடாததை அடிக்கோடிடச் சொன்னார். அப்பா பெயரின் கீழ் இரண்டு கோடு போட்டேன். பட்டறையை விட்டு ஓடிப்போன பங்காளி யார் என்ற இடத்தை அவருக்காக வெற்றாக விட்டிருக்கிறேன்.