ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்ரெஎஸ்எஸ்எல், போரிங்எஸ்எஸ்எல்: எதை நம்பி இறங்கலாம்?

புதிதாக ஒரு சர்வீஸ் எழுத ஆரம்பிக்கும்போது எந்த குறியாக்க லைப்ரரி என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் வேகக் கணக்கைத்தான் எடுத்து வைப்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசினேன். இப்போது நான் முதலில் பார்ப்பது வேறு. இதைப் பராமரிக்கிறவர்கள் இதுவரை யாருக்கு ‘முடியாது’ என்று சொல்லியிருக்கிறார்கள்? தலைப்பில் உள்ள மூன்று லைப்ரரிகளும் ஒரே வேரில் கிளைத்தவை, உள்ளே ஃபங்ஷன் பெயர்கள்கூட பாதிக்கு மேல் ஒன்றுதான். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது 2014 ஏப்ரல் 7. டிஎல்எஸ் (இணையத்தில் போகும் தரவைப் பூட்டி அனுப்பும் முறை) இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னத் தகவல் ஒன்று; அதில் ‘நான் இவ்வளவு பைட் அனுப்புகிறேன், திருப்பி அனுப்பு’ என்று ஒரு எண் இருக்கும். அந்த எண் உண்மைதானா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் சரிபார்க்கவில்லை. ஒரு பைட்டை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று சொன்னால், சர்வரின் நினைவகத்தில் பக்கத்தில் என்ன கிடக்கிறதோ, கடவுச்சொல்லோ தனிச்சாவியோ, அதையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். கனடாவின் வருமான வரித் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இப்படித்தான் திருடு போயின. இந்தப் பிழை 1.0.1 பதிப்போடு 2012 மார்ச்சிலேயே வெளியே வந்துவிட்டது. இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

அதற்கப்புறம்தான் பலருக்கும் விஷயம் தெரிந்தது. இணையத்தின் பாதிப் பூட்டுகளைச் செய்துகொண்டிருந்த திட்டத்துக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர், முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர். அந்தக் கைகளில்தான் விஎம்எஸ், பழைய மேக், டாஸ் என்று பழைய இயங்குதளங்கள் எல்லாவற்றுக்கும் ஆதரவு இருந்தது. யார் எதைக் கேட்டாலும் சேர்த்தார்கள், சேர்த்த எதையும் எடுக்கவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொண்டு போகும் இடத்தில், யாரையும் கைவிடக் கூடாது என்று நினைத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தச் சுமைதான் நிரலை யாராலும் முழுதாகப் படிக்க முடியாத நிலைக்குக் கொண்டுபோனது என்பதும் உண்மை.

ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கும் ஆட்களுக்குக் கோபம் வந்தது அந்த ஒரு பிழையால் மட்டும் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் நினைவகத்தை இயங்குதளத்திடம் நேரடியாகத் திருப்பித் தராமல் தன் கையிலேயே ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தியது. சில பழைய கணினிகளில் நினைவகம் கேட்பது மெதுவாக இருந்தது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. விளைவு, இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்க ஓப்பன்பிஎஸ்டி தன் மெமரி ஒதுக்கீட்டில் வைத்திருந்த காவல்கள் எதுவும் வேலை செய்யவில்லை. சரி, அந்தப் பட்டியலை அணைத்துவிட்டு கம்பைல் செய்து பார்ப்போம் என்று போனால் இணைப்பே உடைந்தது. விடுவித்த பஃபரை உடனே திரும்ப வாங்கினால் பழைய தரவு அப்படியே இருக்கும் என்று வேறொரு இடத்தில் நிரல் நம்பிக்கொண்டிருந்தது. அதாவது அணைப்பதற்கென்று ஒரு ஸ்விட்ச் இருந்தது, ஆனால் அதை அணைத்து யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் கத்தரியை எடுத்தார்கள். முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகள் போயின. அதுதான் லிப்ரெஎஸ்எஸ்எல்.

பழையதற்கு ‘முடியாது’ என்ற அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் பிடிக்கும். லிப்டிஎல்எஸ் என்று அவர்கள் தனியாக எழுதிய சின்ன இடைமுகத்தை ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள், சான்றிதழைச் சரிபார்ப்பது மாதிரியான விஷயங்கள் தானாகவே சரியாக நடக்கும், மறந்து தொலைக்க முடியாது. ஆனால் நடைமுறையில் லிப்ரெஎஸ்எஸ்எல் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. அது ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு நேரடி மாற்றாக இருக்க வேண்டும் என்று கிளம்பியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லோ 2016-இல் 1.1.0 வந்ததும் பல ஸ்ட்ரக்சர்களை உள்ளே மறைத்துவிட்டு, மற்ற நிரல்கள் அதை அழைக்கும் இடைமுகமான ஏபிஐயை மாற்றிக்கொண்டது. லிப்ரெஎஸ்எஸ்எல் தன் பதிப்பு எண்ணை 2.0 என்று காட்டும், ஆனால் 1.1-இல் வந்த ஃபங்ஷன்கள் பல அதில் இருக்காது. எண்ணை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் கம்பைல் ஆகாமல் நின்றன. ஒவ்வொரு திட்டமும் ‘லிப்ரெஎஸ்எஸ்எல்லாக இருந்தால்’ என்று தனிக் கிளை போட வேண்டியதாயிற்று. டிஎல்எஸ் 1.3-ஐ ஓப்பன்எஸ்எஸ்எல் 2018-இல் கொடுத்தது, லிப்ரெஎஸ்எஸ்எல்லில் 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆல்பைன் லினக்ஸ் லிப்ரெஎஸ்எஸ்எல்லுக்குப் போய்ப் பார்த்துவிட்டு 2019-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கே திரும்பி வந்தது. 2021-இல் ஜென்டூ லினக்ஸ் ஆதரவை நிறுத்தியது, வாய்ட் லினக்ஸும் திரும்பியது. பைத்தான் 3.10 ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஓப்பன்பிஎஸ்டியில் வாழ்கிறவர்களுக்கு இது எதுவும் பிரச்சினை இல்லை. லினக்ஸில் இதைத் தேர்ந்தெடுத்தால், மற்றவர்கள் எழுதாத பேட்சுகளை நீங்கள் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

போரிங்எஸ்எஸ்எல்லின் கதை இதைவிட எளிது. கூகுள் ஓப்பன்எஸ்எஸ்எல் மேல் தான் செய்த 70-க்கும் அதிகமான திருத்தங்களை (பேட்சுகளை)ச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அவற்றை மறுபடி பொருத்திக்கொண்டிருந்தது. 2014 ஜூனில் அந்த வேலையைத் தலைகீழாக்கி, தன்னுடையதைத் தனியாக வைத்துக்கொண்டு தேவையானதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தது. குரோமும் ஆண்ட்ராய்டும் இதில்தான் ஓடுகின்றன. நிரல் சுத்தமாக இருக்கும், சோதனைகள் அருமை. ஆனால் இவர்கள் ‘முடியாது’ என்று சொன்னது நம்மிடம். பொதுப் பயன்பாட்டுக்கு இல்லை, ஏபிஐ நிலையாக இருக்கும் என்று உறுதி தர மாட்டோம் என்று முதல் நாளிலிருந்தே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தும் படிக்காததுபோல இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைச் சேர்த்துக் கட்டிவிட்டு, சேர்த்தவர் போனபின் இரண்டு வருடம் யாரும் தொடவில்லை. புதுப்பிக்கலாம் என்று உட்கார்ந்தபோது நாங்கள் அழைத்த ஃபங்ஷன்களில் பல அங்கே இல்லை. ஒரு மாதம் போனது, அந்த மாதம் முழுக்கப் பழைய ஓட்டைகளோடு சர்வர் ஓடியது. வாரா வாரம் பின்தொடர ஆள் இருந்தால் தாராளமாக எடுங்கள், கிளவுட்ஃபிளேர் அப்படித்தான் செய்கிறது. ஆள் இல்லை, ஆனால் அந்த நிரல்தான் வேண்டும் என்றால் அதிலிருந்து அமேசான் வளர்க்கும் ஏடபிள்யூஎஸ்-எல்சியைப் பாருங்கள். ரஸ்ட் மொழியில் எழுதிய டிஎல்எஸ் லைப்ரரியான ரஸ்ட்எல்எஸ்கூட 2024-இல் தன் இயல்புத் தேர்வை அதற்கு மாற்றிக்கொண்டது.

அப்படியானால் ஓப்பன்எஸ்எஸ்எல்லிலேயே இருந்துவிடலாமா? ஹார்ட்பிளீடுக்கு அப்புறம் பணமும் வந்தது, ஆட்களும் வந்தார்கள், நிரல் மறுஆய்வும் கட்டாயமானது. அந்த மாற்றம் உண்மையானது. ஆனால் 2021 செப்டம்பரில் வந்த 3.0-ஐப் பற்றி நிம்மதியாகப் பேச முடியவில்லை. எல்லா அல்காரிதமும் ‘புரொவைடர்’ வழியாகப் பெயர் சொல்லித் தேடி எடுக்கும்படி வடிவமைப்பை மாற்றினார்கள். சான்றளிக்கப்பட்ட தொகுதிகளைத் தனியாகப் பொருத்த வேண்டிய அரசு, வங்கி ஆட்களுக்கு அது வசதி. ஒரே நேரத்தில் நூறு திரெட் ஓடும் சர்வருக்கு, ஒவ்வொரு தேடலிலும் ஒரு திரெட் முடிக்கும்வரை மற்றவை காத்து நிற்பது என்று ஆகிவிட்டது. 1.1.1-ஐவிடப் புதியது மெதுவாக ஓடுகிறது என்று சர்வர்களுக்கு வரும் போக்குவரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஹெச்ஏபிராக்ஸி மென்பொருளின் ஆட்கள் அளந்தே காட்டினார்கள்.

குவிக் (எச்டிடிபி/3-க்கு அடியில் ஓடும் புது இணைப்பு முறை) விவகாரம் இன்னும் மோசம் என்பேன். போரிங்எஸ்எஸ்எல்லில் ஏற்கெனவே ஒரு குவிக் ஏபிஐ இருந்தது, பலரும் அதை வைத்து எழுதியிருந்தார்கள். அதையே ஓப்பன்எஸ்எஸ்எல்லிலும் சேர்க்க ஒரு பேட்ச் தயாராக இருந்தும் நிர்வாகக் குழு எடுக்கவில்லை. நாங்களே முழு குவிக்கையும் எழுதுகிறோம் என்றது. ஆகமாயும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து குவிக்டிஎல்எஸ் என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லின் தனிப் பிரதி (ஃபோர்க்) ஒன்றைப் போட வேண்டியிருந்தது. மற்றவர்களின் குவிக் நிரலைப் பொருத்திக்கொள்ளும் வழி 2025 ஏப்ரலில், 3.5-இல்தான் வந்தது. எல்லோருக்கும் சரி சொல்லிப் பழகிய திட்டம், கையில் தயாராக வந்து நின்றவர்களிடம் முடியாது என்றது. அந்த வருடங்களை வேறெதற்காவது செலவழித்திருக்கலாம். ஆனாலும் அதே 3.5-இல் எம்எல்-கெம் போன்ற, குவாண்டம் கணினிகளின் தாக்குதலைத் தாங்குவதற்கான அல்காரிதங்களும், நீண்ட கால ஆதரவும் வந்தன. லினக்ஸ் டிஸ்ட்ரோ (டெபியன் மாதிரி) தரும் பதிப்பைப் போட்டுக்கொண்டு அவர்கள் பேட்சை எடுத்துக்கொண்டால் போதும் என்கிற நிம்மதி மற்ற இரண்டிலும் கிடையாது.

பழையதற்கு ‘முடியாது’ என்று சொல்லலாமா என்ற இதே சண்டை பைத்தான் பக்கமும் நடந்தது. அங்கே ‘கிரிப்டோகிராஃபி’ தொகுப்பின் 3.4 பதிப்பு 2021 பிப்ரவரியில் கம்பைல் செய்ய, நினைவகப் பிழைகளைத் தடுக்கும்படி வடிவமைத்த ரஸ்ட் மொழி வேண்டும் என்றது. ஆல்ஃபா, எம்68கே மாதிரியான பிராசஸர்களில் ரஸ்ட் இல்லாததால் பலர் கொதித்துப்போனார்கள். ஆல்பைன் கண்டெய்னர்களில் பில்டுகள் திடீரென்று உடைந்தன. அறிவிப்பு இன்னும் உரக்கச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் முடிவில் நான் பராமரிப்பாளர்கள் பக்கம்தான். இருபது வருடப் பழைய பிராசஸருக்காக, கோடிக்கணக்கான கணினிகளில் நினைவகப் பிழைக்கு வாய்ப்பை விட்டுவைக்கச் சொல்வது நியாயமில்லை.

ஒரு கோப்பைப் பூட்ட வேண்டும், ஒரு டோக்கனில் கையொப்பமிட வேண்டும் என்கிற அளவுதான் தேவை என்றால் இந்த மூன்றில் எதுவுமே வேண்டாம், லிப்சோடியம் என்ற எளிய குறியாக்க லைப்ரரியை எடுங்கள். எந்த அல்காரிதம், எந்த மோட் என்று கேட்டு உங்களைக் குழப்பாது. பூட்டும்போது நான்ஸை (ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய எண்) மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொடுக்க மறக்காதீர்கள். டிஎல்எஸ் அதில் இல்லை, அதனால் என் சர்வர்களில் இணைப்புக்கு டெபியன் தரும் ஓப்பன்எஸ்எஸ்எல்லும், உள்ளே சேமிக்கும் தரவுக்கு லிப்சோடியமும் ஓடுகின்றன. ஓப்பன்பிஎஸ்டி பெட்டி ஒன்று ஃபயர்வாலாக இருக்கிறது, அதில் லிப்ரெஎஸ்எஸ்எல்லை மாற்ற எனக்கு எந்தக் காரணமும் தோன்றவில்லை.