ஜெராய் மலையடியில் சரித்திர நாவல்: பல வருடப் புழக்கத்தில் நிலைத்தவையும் கைவிட்டவையும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து செமலிங் வழியாக மெர்போக் போகிற சாலையில் ஜெராய் மலை வலப்பக்கமாகக் கூடவே வரும். சோழர் கதைகளில் கடாரம் என்று வருகிற மண் இதுதான். இந்த வட்டாரத் தோட்டத்து வாசகர்களுக்கு இது பெரிய கொடுப்பினை. ஆனால் இங்கே கைமாறிக் கைமாறி வருகிற சரித்திர நாவல்களைப் பார்த்தால், ஒன்று சுருக்கப் பதிப்பாக இருக்கும், அல்லது நடுவில் ஒரு பாகம் இல்லாத தொகுதியாக இருக்கும். படிக்க ஆள் இருக்கிறது, புத்தகமும் கிடைக்கிறது. எந்தப் பதிப்பு முழுமையானது, அடுத்து எதை எடுப்பது என்று சொல்கிற வழிதான் இல்லை. பல வருடம் பயன்படுத்திப் பார்த்துத் தேறியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அடிப்படை முறை. ஒரு நாவல் எடுத்தால், அதே காலத்தைப் பற்றிய ஒரு வரலாற்று நூலும், கல்வெட்டு அல்லது செப்பேடு போன்ற ஒரு மூலச் சான்றும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். மூலச் சான்று பத்து வரி இருந்தாலே போதும். நாவலை மட்டும் படித்தால் கதாசிரியரின் கற்பனையே வரலாறாக மனத்தில் தங்கிவிடும். வரலாற்றை மட்டும் படித்தால் பலர் முப்பதாவது பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். மூன்றும் சேரும்போது ஒன்று மற்றதைத் தூக்கி நிறுத்துகிறது. நூல்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுவே நல்ல சல்லடை. எந்த நாவலைப் படித்து முடித்ததும் கல்வெட்டைத் தேடிப் போகத் தோன்றுகிறதோ, அது நல்ல நாவல்.

பெரும்பாலோர் தொடங்குவது பொன்னியின் செல்வனில்தான். தொடங்கட்டும். ஆனால் வாங்குமுன் அத்தியாயங்களை எண்ணுங்கள். ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். குறைந்தால் அது சுருக்கம். அட்டையில் ‘சுருக்கம்’ என்று போடாமல், ‘எளிய தமிழில்’ என்றோ ‘சிறுவர்க்கு’ என்றோ உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் சிறிதாகப் போட்டிருப்பார்கள். பாகம் பாகமாகச் சேர்த்தால் எல்லாம் ஒரே பதிப்பகமாக இருப்பது நல்லது. வெவ்வேறு பதிப்பகங்களின் பாகங்களைக் கலந்து வாங்கியவர்களிடம் கடைசியில் நான்காம் பாகம் இரண்டு பிரதியும் மூன்றாம் பாகம் பூஜ்யமுமாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

படிக்கும் வேகமும் முக்கியம். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்த வாரத்துக்கான கொக்கி இருக்கும். விடுமுறையில் ஒரே மூச்சாக உட்கார்ந்து படித்தால் அந்தக் கொக்கிகளே சலிப்புத் தட்டும். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்தால் ஐந்து மாதத்தில் முடியும். அந்த அளவுதான் பலருக்கும் ஒத்துவந்திருக்கிறது. நடுவில் விடுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் பாகத்தில்தான் விடுகிறார்கள். முந்தைய இரண்டு பாகங்களும் சேர்ந்தால் வருகிற நீளம் அதற்கு. அதற்கு முன் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

கூட வைக்க வேண்டிய வரலாறு சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறு. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர்கள் இன்னும் விரிவானது, ஆனால் முதல் வாசிப்புக்குக் கனம். இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலை நாவலில் கடைசிவரை புகைமூட்டம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டோ துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்கிறது. அடுத்தது, இளவரசர் அருள்மொழிவர்மர் (பின்னாளில் ராஜராஜன்) காய்ச்சலோடு தங்கும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம். ஆனைமங்கலச் செப்பேட்டின்படி அந்த விகாரம் கடாரத்தரசன் எடுப்பித்தது. அதற்கு ராஜராஜன் ஊர் தானம் செய்தது தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005–06 வாக்கில். நாவலின் காலத்துக்கு முப்பது வருடத்துக்கும் மேல் பிந்தியது. கல்கி கதைக்காக அதை முன்னால் இழுத்துக்கொண்டார். இது தெரிந்தபின் அந்தப் பகுதியின் சுவை குறையவில்லை, கூடுகிறது. நாகப்பட்டினத்தில் விகாரம் எடுத்த அரசன் நம் பக்கத்து அரசன் அல்லவா!

இனிக் கடாரம். இங்கேதான் அதிகக் குழப்பம். ராஜேந்திரன் கடாரத்தின் மீது படையெடுத்தது 1025 வாக்கில். அகிலனின் வேங்கையின் மைந்தன் ராஜேந்திரன் காலத்துக் கதை. சாண்டில்யனின் கடல் புறா மூன்று பாகமும் அதற்கு அடுத்த தலைமுறை: கருணாகரத் தொண்டைமானும் பின்னாளில் குலோத்துங்கனான அநபாயனும் நடமாடும் காலம். இரண்டையும் ஒரே போர் என்று நினைத்துப் படிப்பவர்களே அதிகம். ஒரு தாளில் காலக்கோடு போட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்: 985 ராஜராஜன், 1014 ராஜேந்திரன், 1025 கடாரப் படையெடுப்பு, 1070 குலோத்துங்கன். இந்த நான்கு ஆண்டுகள் போதும், எந்தச் சோழ நாவலையும் அதில் பொருத்திக்கொள்ளலாம்.

மூலச் சான்று ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டுப் பகுதி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. ‘அலைகடல் நடுவுள் பலகலஞ் செலுத்தி’ என்று தொடங்கும் பகுதி, சங்கிராம விசையோத்துங்க வர்மன் என்று கடாரத்தரசனின் பெயர் சொல்லி, ஸ்ரீவிசயம், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று ஊர்களை அடுக்கி, ‘தொடுகடற் காவற் கடுமுரட் கடாரமும்’ என்று முடிகிறது. ‘பலகலம்’ என்கிற சொல்லைக் கவனியுங்கள். எத்தனை கப்பல் என்று கல்வெட்டு சொல்லவில்லை. மேடைகளில் ஆயிரக்கணக்கில் சொல்லப்படும் கப்பல் எண்ணிக்கைக்கு இந்த மெய்க்கீர்த்தியில் ஆதாரம் கிடையாது. இன்னும் பின்னே போனால் பட்டினப்பாலையில் ‘ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்’ என்ற வரி. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை சொன்னவர் நச்சினார்க்கினியர். பட்டினப்பாலை மொத்தமே 301 அடிதான். சங்க இலக்கியத்தில் எங்கே தொடங்குவது என்று கேட்கிற கெடா வாசகருக்கு நாங்கள் கொடுப்பது இதைத்தான்.

மெர்போக்கில் புஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. நாவலைப் பாதி படித்தபின் போவதே சரியான நேரம். முன்னதாகப் போனால் வெறும் கற்களாகத் தெரியும். புக்கிட் பத்து பாஹாட் சண்டியின் (பழங்கோயிலின்) கருங்கல் அடித்தளத்தில், மரத்தூண்களைத் தாங்கிய கல்பீடங்களை உற்றுப் பாருங்கள். மேலே மரக்கூரை இருந்து மக்கிப்போன கோயில் அது. தஞ்சைக் கோபுரத்தைப் போன்ற ஒன்றை இங்கே கற்பனை செய்துகொண்டு நாவல் படித்தவர்களுக்கு அந்தப் பீடங்கள் உடனே அளவைத் திருத்தித் தரும். இந்தப் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டது 2013இல் வெளியே தெரியவந்தது. அருகில் வாழ்கிறவர்கள் படித்தும் பேசியும் வராத மண்ணுக்கு அந்தக் கதிதான் நேரும் என்று வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

சோழர் கதையோடு நிறுத்திக்கொள்வதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. தோட்டத்துத் தமிழரின் வரலாற்று நாவல் என்றால் அது சப்பான்காரன் காலத்தில் தொடங்குகிறது. சயாம்–பர்மா ரயில் பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். அதற்குத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகப்பட்ட பல்லாயிரம் பேரைப் பற்றி மலேசியாவிலேயே நாவல்கள் இருக்கின்றன: ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமியின் நினைவுச்சின்னம், கோ. புண்ணியவானின் கையறு. மூன்றில் முதலில் சண்முகத்தை எடுங்கள். அதே காலத்தைக் கடல் கடந்து பார்க்க ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. மேடானும் பினாங்கும் அதன் களம். தமிழ்நாட்டு வாசகர் திணறும் மலாய்ச் சொற்கள் நமக்கு வீட்டுச் சொற்கள் என்பதால் இங்கே அது சற்று எளிதாகவே ஓடும். ஆனாலும் முதல் ஐம்பது பக்கத்தில் காலமும் நினைவும் கலந்து வரும். பொறுமையாகக் கடந்துவிட்டால் தமிழில் இதற்கு ஈடாகச் சொல்ல அதிகம் இல்லை. கூடவே வைக்க வேண்டிய புனைவல்லாத நூல் வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயணம். 1942இல் குண்டு வீச்சுக்கு நடுவே பர்மாவை விட்டு நடந்த தமிழர் கூட்டத்தின் நேரடிப் பதிவு அது.

தோட்ட வாழ்க்கைக்கு அகிலனின் பால்மரக் காட்டினிலே, சீ. முத்துசாமியின் மண்புழுக்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்று வெளியிலிருந்து வந்து பார்த்து எழுதியது. மற்றது உள்ளேயே வாழ்ந்த பேச்சில் எழுதியது. வித்தியாசம் பத்தே பக்கத்தில் தெரியும். மலேசிய நாவல்கள் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன, மறுபதிப்பு அபூர்வம். நூல் வெளியீட்டு நாளில் வாங்காதவர்களுக்குப் பிறகு கிடைப்பது கடினம்.

இணையத்தில் படிப்பது பற்றி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் முதல் நம்பிக்கை, ஏனென்றால் அங்கே ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்திருக்கிறார்கள். பழைய கோப்புகள் சில யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கும், கைப்பேசியில் திறந்தால் குப்பை எழுத்தாகத் தெரியும். அதே நூலின் யூனிகோடு கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் ஏராளம், ஆனால் பக்கத்தின் நிறத்தைப் பார்த்துப் படியுங்கள். சிவப்பு என்றால் எந்திரம் எழுத்துணர்ந்து போட்டது, யாரும் திருத்தவில்லை. மஞ்சள் ஒருமுறை திருத்தியது. பச்சை இருமுறை பார்த்தது. சிவப்புப் பக்கங்களில் ரகரமும் துணைக்காலும் இடம் மாறும், ‘ஔ’ பிரிந்து ‘ஒள’ ஆகும், அடிக்குறிப்பு பத்தியின் நடுவே புகுந்துவிடும். வரலாற்று நூலில் இது ஆபத்து. ஆண்டில் ஓர் இலக்கம் மாறினால் அரசனே மாறிவிடுவான். அங்கே மூல அச்சின் படமும் பக்கத்திலேயே இருப்பதால், எண் வருகிற இடங்களை மட்டுமாவது படத்தோடு ஒப்பிடலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய பதிப்புகள் கிடைக்கின்றன. அவற்றைக் கைப்பேசியில் படிக்க முயன்று கண் வலியோடு விட்டவர்கள் பலர். பக்கம் சுருங்கி எழுத்து எறும்பாகிவிடும். பத்து அங்குலத் திரை வேண்டும், அல்லது ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டு, கைப்பேசியைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘னை’ எல்லாம் துதிக்கை போட்ட வடிவத்தில் இருக்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ணை, லை, ளை, னை, ணா, றா, னா, இந்த ஏழையும் அவற்றோடு ணொ, றோ போன்றவற்றையும் ஒரு துண்டுச்சீட்டில் பழைய வடிவத்தில் எழுதிக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்கிறார்கள்.

பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் தேடுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. அங்கே தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில், தமிழ் எழுத்துக்கு எழுத்து என்ற முறையில் பதிவாகியிருக்கும். ஒலியைப் பார்த்துத் தட்டினால் ஒன்றும் வராது. ச எங்கே வந்தாலும் ‘எஸ்’ கிடையாது, ‘சி’ எழுத்து. க எப்போதும் ‘கே’, எனவே கங்கைக்கு ‘ஜி’ போட்டால் கிடைக்காது. ழகரத்துக்கு ‘இசட் எச்’ கிடையாது, அடிக்கோடிட்ட ‘எல்’. அடிக்கோடு இல்லாமல் வெறும் ‘எல்’ தட்டினாலே பெரும்பாலும் வந்துவிடும். ‘இல்லை’ என்று திரும்பி வந்தவர்கள் இந்த மாற்றத்தோடு தேடியபோது கிடைத்த நூல்கள் நிறைய.

புனைவல்லாதவற்றில் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் உ.வே.சா.வின் என் சரித்திரம். 122 அத்தியாயங்கள். 1940 முதல் ஆனந்த விகடனில் வந்தது, 1942இல் அவர் மறைந்ததால் முடியாமல் நின்றது. தொடக்கத்து ஊர், உறவு விவரங்களில் தயங்குகிறவர்கள், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் அத்தியாயத்திலிருந்து எடுங்கள். சீவக சிந்தாமணி என்று ஒரு நூல் இருப்பதை அவர் காதில் போடும் இடம் அது. அங்கிருந்து முன்னே படித்து, ருசி கண்டபின் முதலுக்கு வாருங்கள். இந்த வரிசை மாற்றத்தால் பாதியில் மூடுவது வெகுவாகக் குறைந்தது.

கடைசியாக, வைத்துக் காப்பது. நம் ஊர் ஈரத்துக்கு அச்சுப் புத்தகம் மூன்று நான்கு வருடத்தில் பூஞ்சணம் பூக்கும். வெறும் பசையால் ஒட்டிய முதுகு விட்டுப்போகும். வாங்கும்போதே தைத்த கட்டா என்று முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள், மடிப்புகள் தெரிந்தால் தைத்தது. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், கரையான் ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணில் படும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது தப்பு, ஈரம் உள்ளேயே நிற்கும். பூச்சி விழுந்த புத்தகத்தை மட்டும் காற்றுப் புகாத பையில் கட்டி, ஐஸ் பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விட வேண்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்து, பூச்சியை விரட்டிய இடத்தில் பூஞ்சணம் வந்து உட்காரும்.