பார்வையற்ற குழந்தைக்கு எது: சிறப்புப் பள்ளியா, ஊர்ப் பள்ளியா?

இரண்டு வழியும் சட்டப்படி திறந்தே இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தை 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். எங்கே சேர்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: வாரத்தில் எத்தனை மணி நேரம் பிரெய்ல் (மேடிட்ட புள்ளிகளை விரலால் தடவி வாசிக்கும் எழுத்துமுறை) சொல்லித் தருவீர்கள்?

சிறப்புப் பள்ளியில் அது தினப்பாடம். தினமும் பழகினால்தான் வரும். ஸ்லேட் என்கிற துளைச் சட்டத்தில் தாளைப் பொருத்தி, ஊசியால் வலமிருந்து இடமாகப் புள்ளிகளைக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். புள்ளிகளை இடவலம் மாற்றிக் குத்தாவிட்டால் 'இ' என்று எழுதியது 'ஏ' என்று வாசிக்க வரும். ஆரம்பத்தில் எல்லாக் குழந்தைகளும் இதில் தடுமாறும். பக்கத்தில் ஆள் இருந்து அன்றன்றே திருத்த வேண்டும். சாதாரண நோட்டுத் தாளும் உதவாது, விரல் பட்டுப் பட்டுப் புள்ளி அமுங்கிவிடும்; 120 ஜிஎஸ்எம்முக்குக் (சதுர மீட்டருக்கு 120 கிராம் எடை) குறையாத தடித்த தாள் வேண்டும். கணக்குக்கு டெய்லர் பிரேம் (சிறு கட்டைகளைத் துளைகளில் செருகிக் கணக்குப் போடும் பலகை), அபாகஸ் (மணிச்சட்டம்), நடமாடக் கைத்தடிப் பயிற்சி எல்லாம் அங்கேயே கிடைக்கும். பெரும்பாலும் விடுதி வாழ்க்கை என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. ஆறு வயதில் வீட்டைப் பிரிவது சின்ன விஷயமில்லை.

ஊர்ப் பள்ளியில் வீடும் தெருப்பிள்ளைகளின் நட்பும் கைவிட்டுப் போகாது. ஆனால் வட்டார வள மையத்தின் (வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் அரசு மையம்) சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைப் பார்ப்பவர். வாரம் ஒருமுறை வந்தாலே பெரிது. மற்ற நாட்களில் குழந்தை கேட்டுக்கேட்டுத்தான் படிக்கும். 'ந', 'ன' இரண்டும் காதுக்கு ஒன்றுதான்; பலர் பேச்சில் 'ள', 'ழ' நிலையும் அதுவே. விரலால் வாசிக்காத குழந்தைக்கு எழுத்துக்கூட்டல் கடைசிவரை பிடிபடாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை யாரையும் தேர்ச்சியின்றி அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்பதால் ஒன்பதாம் வகுப்பில்தான் குட்டு வெளிப்படும்.

வகுப்பறையில் கெடுவது ஒரு சின்னச் சொல்லால். ஆசிரியர் கரும்பலகையைக் காட்டி "இதை இதோடு கூட்டு" என்பார். எதை, எதோடு? "ஏழை எட்டோடு கூட்டு" என்றால் போதும், செலவே இல்லை. இரக்கப்பட்டு முதல் பெஞ்சில் உட்கார வைப்பதால் பலனில்லை. ஆசிரியர் குரல் தெளிவாகக் கேட்கிற, தெரு இரைச்சல் எட்டாத இடமும், பெரிய பிரெய்ல் புத்தகம் விரிக்க அகலமான மேசையும்தான் தேவை. (குறைபார்வை மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம்: ஊர்ப் பள்ளி, பெரிய எழுத்து அச்சு, கண்ணில் கூசாத வெளிச்சம்.)

எங்கள் கணிப்பு: ஐந்தாம் வகுப்புவரை சிறப்புப் பள்ளி, பிரெய்ல் சரளமானதும் ஆறாம் வகுப்பில் ஊர்ப் பள்ளி. பயிற்றுநர் வாரம் மூன்று நாளாவது வருவார், வீட்டில் ஒருவரும் பிரெய்ல் கற்றுக்கொள்வார் என்றால் முதலிலிருந்தே ஊர்ப் பள்ளி. பெற்றோர் புள்ளிகளைக் கண்ணால் பார்த்தே கற்கலாம்.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் எந்தப் பள்ளியில் படித்தாலும் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே வேறொருவருக்கு நிறுத்தி, நிதானமாக விடை சொல்லப் பழக்குங்கள். தேர்வறையில்தான் முதன்முதலில் என்றால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.