கவனயீன வழக்கில் நரம்பியல் சாட்சி: சிகிச்சை தந்தவரா, வெளியாளா?

மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றில் பாரிசவாதம் (மூளையின் இரத்தோட்டம் பாதிக்கப்பட்டுக் கை கால் விளங்காமல் போகும் நோய்) பற்றிய வைத்தியக் கவனயீன வழக்கொன்று போடப் போனால், சட்டத்தரணியின் மேசைக்கு இரண்டு பெயர்கள் வரும். ஒருவர் நோயாளியைப் பிறகு கிளினிக்கில் பார்த்துவந்த நரம்பியல் நிபுணர். மற்றவர் கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும், இந்த நோயாளியைக் கண்டேயிராத நிபுணர்.

முதலாமவரை அழைப்பது சுகம், செலவும் குறைவு. கை எவ்வளவு விளங்காமல் போனது, பேச்சு எந்தளவு திரும்பியது என்பதை அவரைப்போல வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வழக்கின் உயிர் கிடக்கும் முதல் சில மணித்தியாலங்களில் அவர் பெரும்பாலும் அங்கே இருந்திருக்க மாட்டார். எதிராளியான டொக்டரோடு ஒரே வைத்தியசாலையில் வேலை செய்பவர் என்றால் தயக்கமும் இருக்கும்.

என் தெரிவு வெளியாள்தான். கொழும்பிலிருந்தென்றால் 300 கிலோமீற்றர் தாண்டி அழைத்து வரும் செலவையும், தவணை தள்ளிப்போனால் அது இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கில் எடுத்தே சொல்கிறேன்.

காரணம், பிழை நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தப் பிழையால்தான் பாதிப்பு வந்தது என்றும் காட்ட வேண்டும். ஒரு குழந்தையின் மரணத்துக்காகக் குழந்தை வைத்தியப் பேராசிரியர் பிரியாணி சொய்சா மீது போடப்பட்ட வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுத்தது. இறந்த குழந்தைக்கு மூளைத்தண்டில் கட்டி இருந்தது. கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

பாரிசவாதத்தில் இந்தப் பொறி இன்னும் ஆழம். வாழைச்சேனையில் கை விளங்காமல் போன ஒருவரை நாலரை மணித்தியாலத்துக்குள் சீ.ரி. ஸ்கேன் எடுத்து, இரத்தக்கசிவு இல்லையென்று கண்டு, உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் அல்ரிபிளேஸ் ஊசி போட்டிருக்கலாம், போடவில்லை என்று வைப்போம். எதிராளியின் சட்டத்தரணி 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வை எடுப்பார். மூன்று மணித்தியாலத்துக்குள் ஊசி பெற்றவர்களில் 39 வீதம் பேர் மூன்று மாதத்தில் குறைபாடின்றியோ மிகச் சிறிய குறைபாட்டோடோ தேறினார்கள்; பெறாதவர்களிலும் 26 வீதம் தேறினார்கள். ஊசி போட்டிருந்தாலும் பாதிக்கு மேல் தேறவில்லையே, பிறகு எப்படி ஊசி போடாததுதான் காரணம் என்பது என்று கேட்பார். நோயாளியின் வயது, பாரிசவாதத்தின் கடுமையைக் காட்டும் புள்ளி, கடைசியாக நல்லாயிருந்த நேரம், அன்றைய இரத்த அழுத்தம் 185/110ஐத் தாண்டியதா என்பதையெல்லாம் வைத்து இந்த ஆளுக்கு என்ன வாய்ப்பு இருந்தது என்று பதில் சொல்பவர்தான் சாட்சி. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அவரது அபிப்பிராயத்தை ஏற்கும். ஆனால் அதற்கான அடிப்படையை அவர் விளக்காவிட்டால் குறுக்கு விசாரணையில் நிற்காது.

ஒரு விடயம்: வெளிநோயாளர் பிரிவு டொக்டர் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று நரம்பியல் நிபுணரிடம் கேட்காதீர்கள். அதே தரத்தில் வேலை செய்பவரே அதற்குப் பொருத்தம்.

நேரங்கள் கிடப்பது பெட் ஹெட் ரிக்கெட்டிலும் (வாட்டில் நோயாளிக்கு எழுதப்படும் சிகிச்சைக் குறிப்பு) தாதியர் குறிப்பிலும் அம்புலன்ஸ் பதிவிலும். மூன்றும் ஒத்துப்போகாதது சாதாரணம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்துடன் பிரதிகளைக் கேளுங்கள்; ஸ்கேன் அறிக்கை மட்டுமல்ல, படமும் வேண்டும். நட்டஈட்டு வழக்கைப் போட இரண்டு வருட அவகாசம்தான். அரச வைத்தியசாலை என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத அறிவித்தலும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே அறிவித்தல் அனுப்பும் முன்பே நிபுணர் ஆவணக் கட்டை முழுதாக வாசிக்கட்டும். வழக்கு நிற்காது என்று அவர் சொன்னால், அந்தப் பதிலுக்கும் கட்டணம் கொடுக்கலாம்.

வீடியோ வழியாக வெளிநாட்டு நிபுணரைச் சாட்சி சொல்ல வைப்பது நம் பக்கத்தில் அரிது. அதை நம்பி வழக்கைக் கட்டத் துணிய மாட்டேன்.

சிகிச்சை தந்தவரை முற்றாக விடவும் வேண்டாம். இப்போதைய குறைபாட்டுக்கு அவர், காரணத்துக்கு வெளியாள். இருவர் பெயரையும் சாட்சிப் பட்டியலில் நேரத்தோடு போடுங்கள். விடுபட்ட பெயரைப் பிறகு சேர்க்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியிருக்கும்.