வடசென்னையில் வீடு வாங்க: உள்ளூர் புரோக்கரா, பில்டரின் ஏஜென்ட்டா?

கொடுங்கையூர், வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் வீடு தேடுபவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று தெருவைக் கரைத்துக் குடித்த உள்ளூர் புரோக்கர், இன்னொன்று பில்டருக்காக ஃபிளாட் விற்றுத் தரும் ஏஜென்ட். நான் வாங்கியது உள்ளூர் புரோக்கர் மூலம். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பில்டர் ஏஜென்ட் உங்களிடம் காசு கேட்க மாட்டார். கமிஷனைக் கொடுப்பது பில்டர். அது ஃபிளாட் விலைக்குள்ளேயே இருக்கும். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, எட்டு வீட்டுக்கு மேல் கட்டினாலோ ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு கட்டாயம். அதை விற்கும் ஏஜென்ட்டுக்கும் தனிப் பதிவு எண் வேண்டும். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பணம் கேட்டால், முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், சட்டம் அப்படித்தான். பில்டர் ஏஜென்ட் வழி எனக்குப் பழக்கம் குறைவு.

உள்ளூர் புரோக்கர் இரண்டு தரப்பிலும் வாங்குவார். ஆளுக்கு ஒரு சதவீதம் என்பது பரவலான பேச்சு, இரண்டு கேட்பவர்களும் உண்டு. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒரு சதவீதம் 60,000. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 5,40,000 தனி. இதற்கு மேல் புரோக்கருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

வாரிசுச் சிக்கலுக்காக. பத்திரம் அப்பா பெயரில் இருக்கும், அவர் உயில் எழுதாமல் போயிருப்பார், விற்க வந்து நிற்பது மூத்த மகன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும், கல்யாணமாகிப் போன மகள்களுக்கும் சம பங்கு உண்டு. அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தராமல், கிரயத்திலும் கையெழுத்துப் போடாமல் இருந்தால் நாளைக்குப் பாகப்பிரிவினை வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். வில்லங்கச் சான்றில் இது தெரியாது; பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். எத்தனை மகள்கள், எங்கே கட்டிக்கொடுத்தார்கள், அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை உண்டா என்பதெல்லாம் அந்தத் தெருவிலேயே வீடு முடித்துக் கொடுத்துப் பழகியவருக்குத் தெரியும். அவர் சொன்னதை வைத்துக்கொண்டு வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கம் மூன்றையும் வக்கீலிடம் கொடுங்கள். வக்கீல் நீங்கள் பிடித்தவராக இருக்கட்டும், புரோக்கர் கூட்டி வருபவர் வேண்டாம்.

தெரிந்ததை அவர் சொல்வாரா என்பது கமிஷன் எப்போது கைக்கு வருகிறது என்பதில் இருக்கிறது. அட்வான்ஸ் அன்றே பாதியைக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால், கிரயம் நின்றுபோனாலும் அவருக்குப் பாதி லாபம். பதிவு முடிந்த அன்றுதான் முழுப் பணம் என்று முதல் வீடு பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள். சதவீதத்தை விட்டு ஒரே தொகையாகப் பேசினால் இன்னும் நல்லது. விலை ஏறினால் தனக்கும் ஏறும் என்ற கணக்கு அவருக்கு இருக்காது.

உரிமையாளர் 55 லட்சம் சொன்னதை உங்களிடம் 58 என்று சொல்லி, இடையிலுள்ள மூன்றைத் தானே எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் உரிமையாளரோடு நேரில் உட்கார்ந்து விலை பேசுங்கள். அதைத் தள்ளிப்போடும் புரோக்கரை விட்டுவிடுங்கள். குடிசை மாற்று வாரிய (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) வீட்டை, வாரியத்தின் கிரயப் பத்திரம் இல்லாமல் வெறும் ஒதுக்கீட்டு ஆணையோடு காட்டுபவரையும் விட்டுவிடுங்கள்.